ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை

வானொலி நிலையத்தில் அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அத்தான்தான். அக்காவின் கணவர். பத்தொன்பது வருஷம் அங்கே ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்திருந்தவர். பாட்டுப் போடுவது, விளம்பரம் விடுவது, மணி சொல்வது, அறிவிப்பாளர் வராத நாளில் தானே பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஒலிபரப்பைத் தானாக நடத்தும் கணினிகள் போட நிர்வாகி ஆள் தேடுகிறார் என்றதும், "எங்க வீட்டுலயே ஒருத்தன் இருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"அத்தான், இது வந்துட்டா உங்க நாற்காலிக்கே ஆள் வேண்டாம்னு ஆயிடும்."

"நீ போடலன்னா இன்னொருத்தன் போடப்போறான் மாப்ள. வர்ற வேலை நம்ம வீட்டுக்கு வரட்டுமே."

மொத்தம் மூன்று கணினிகள். பாட்டுகளைச் சேமித்து வைக்க ஒன்று. அன்றன்றைய நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்க அலுவலகத்தில் ஒன்று. அந்த நிரலைப் பார்த்து இடைவிடாமல் ஒலிக்கவிட ஒலிபரப்பு அறையில் ஒன்று. கூரைத் தட்டிகளுக்கு மேலே நான் கேபிள் இழுத்தபோது அத்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றையும் ஒன்றோடொன்று பேச வைக்க இரண்டு நாள் ஆனது. ஒலிபரப்பு அறைக் கணினி மட்டும் பாட்டுகள் இருக்கும் இடத்தைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் பார்த்தால் கடவுச்சொல்லில் ஓர் எழுத்துப் பிசகு. கண்டுபிடித்தவர் அத்தான்.

"ஒரு எழுத்துக்கே இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குதே, நம்ம நிர்வாகிக்குச் சொந்தமா இருக்குமோ" என்றார்.

வைரஸ் வந்துவிடக் கூடாதென்று அந்த மூன்றையும் இணையத்தோடு சேர்க்காமல் தனியே வைத்தேன். அது சரியான முடிவு; இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அப்படி வைத்தால் வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழைய முடியாது. அதனால் வாங்க வேண்டிய சாமான் பட்டியலில் ஒரு சின்னப் பெட்டியையும் எழுதியிருந்தேன். தொலைபேசியில் கூப்பிட்டு ரகசிய எண்ணை அழுத்தினால், பாட்டு நின்று, பேசுகிறவர் குரல் ஒலிபரப்பாகும். நிர்வாகி அந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

"இது எதுக்கு?"

"ஆள் இல்லாத நேரத்துல ஏதாவது அவசரம்னா பேசறதுக்கு, சார்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"சரி சார்" என்றேன். வாதாடவில்லை.

அடுத்த மாதமே ஞாயிற்றுக்கிழமைப் பணியையும் மாலைப் பணியையும் எடுத்துவிட்டார்கள். கூடவே அத்தானையும். ஆற்றங்கரையில் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுசில் அவருக்கு வேலை கிடைத்தது. அவர் இருக்கும்வரை அக்கா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, காபியை நீட்டியபடி, "ஏணியை அவரே பிடிச்சாராமே" என்றாள். அவ்வளவுதான்.

மேற்கே மலையில் மூன்று நாளாக மழை. அந்த ஞாயிறு ஊரில் தூறல்கூட இல்லை, நல்ல வெயில். பிற்பகல் இரண்டே காலுக்கு அணையின் மதகுகளைத் திறந்தார்கள். அப்படித் திறந்தால் அணை அலுவலகம் முதலில் கூப்பிடுவது வானொலி நிலையத்தைத்தான். அங்கே இருப்பவர் பாட்டை நிறுத்திவிட்டு எச்சரிக்கையைப் படிப்பார். அத்தானே எத்தனையோ தடவை படித்திருக்கிறார். அன்றைக்கும் கூப்பிட்டார்கள். பூட்டிய அறைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வெளியூரில் ஒரு கல்யாணத்தில் இருந்த நிர்வாகியைப் பிடிக்க அவர்களுக்கு அரைமணி நேரம் ஆனது. அவர் என் எண்ணைக் கொடுத்தார்.

"அந்த கம்ப்யூட்டர் போட்டது நீங்கதானே? அதை நிறுத்துங்க" என்றார் அணை அலுவலர்.

"இங்கேருந்து முடியாது சார். நேர்ல போகணும்."

"அப்ப போங்க. தண்ணி வந்துட்டு இருக்கு."

வண்டியை எடுப்பதற்கு முன் அத்தானைக் கூப்பிட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பம்ப் ஹவுசில் மோட்டார்கள் இருக்கும் அறை கரையைவிட ஓர் ஆள் ஆழத்தில் இருந்தது. பத்துப் படி இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் மோட்டார் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதில் ஒன்று இருமுகிற மாதிரி விட்டுவிட்டு ஓடியதால் அத்தான் பொழுதெல்லாம் கீழேயேதான் இருப்பார். சின்ன டிரான்சிஸ்டரில் இயர்போன் மாட்டிக்கொண்டு வானொலி கேட்பார். செல்போன் மேலே, ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

நிலையத்தின் பக்கவாட்டு ஜன்னலைக் கல்லால் உடைத்து உள்ளே குதித்தேன். முழங்கை கிழிந்தது. ஒலிபரப்பு அறை சில்லென்று, பெருக்கித் துடைத்த மாதிரி இருந்தது. திரையில் பாட்டுகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. நிறுத்தப் போனால் கடவுச்சொல் கேட்டது. நான் வைத்ததை நிர்வாகி மாற்றியிருந்தார். ஒலிக்கலவைப் பலகையின் பின்னால் கையை விட்டு, கணினியிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினேன். மைக்கைத் திறந்தேன். மணி மூன்று பத்து.

"அணை மதகுகள் திறக்கப்பட்டுள்ளன. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் உடனே மேட்டுப் பகுதிக்குச் செல்லுங்கள்."

திரும்பத் திரும்பச் சொன்னேன். எத்தனை தடவை என்று தெரியாது. இடையில் எனக்கே தெரியாமல், "அத்தான், மேல ஏறி வாங்க. மோட்டார விட்டுட்டு மேல வாங்க" என்றும் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டதாகப் பிறகு பலர் சொன்னார்கள். அக்காவும் கேட்டிருக்கிறாள்.

தண்ணீர் இரண்டு ஐம்பதுக்கே பம்ப் ஹவுசைத் தாண்டிவிட்டது.

கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இருவரையும் சேர்த்து மூன்று பேர். அத்தானை மறுநாள் காலையில் எடுத்தார்கள். இயர்போன் வயர் கழுத்தில் கிடந்தது.

ஒரு வாரம் கழித்து அக்கா கேட்டாள்: "அந்த நேரத்துல ரேடியோல என்ன ஓடுச்சு?"

கணினி ஒவ்வொரு நொடியையும் குறித்து வைத்திருந்தது. அதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. பன்னிரண்டு பாட்டு, ஐந்து விளம்பரம், மூன்று மணிக்கு மணி அறிவிப்பு என்றேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

விசாரணை வந்தது. நிர்வாகி என் வீடு தேடி வந்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"நெட்வொர்க் பழுதுன்னு எழுதிக் குடுத்துடுப்பா. மெஷின் தப்புன்னா யார் தலையும் உருளாது. உன் தலையும்தான்."

"பழுது எதுவும் இல்லையே சார்."

"போனவர் உங்க வீட்டு மனுஷன். எனக்கும் வருத்தம்தான். இனிமே யாரை மாட்டிவிட்டு என்ன ஆகப்போகுது?"

கதவைச் சாத்தினேன். அன்றைக்கே எழுதினேன். கணினிகள் மூன்றும் சரியாக இயங்கின. நிலையத்தில் ஆள் இல்லை. வெளியிலிருந்து பேசும் பெட்டியை நான் கேட்டேன், நிர்வாகி அந்த வரியை அடித்தார். அதன் பிறகு நான் வற்புறுத்தவில்லை. கடைசி வரியை எழுத மட்டும் நேரமானது. நிர்வாகியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போது ஒரு பெண் வருகிறாராம். அவருக்குக் கற்றுக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

எழுதிக் கொடுத்ததன் நகலை அக்காவிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்து, நாலாக மடித்தாள்.

"உன் மேல கோவம் இல்லடா. ஆனா கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத. உன்னைப் பாக்க முடியல."

"சரிக்கா" என்றேன்.

ஐந்து மாதமாகிறது. வாரம் ஒருமுறை அவள் மகள் போன் செய்கிறாள். அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்கிறாள். போனைக் கொடு என்று நான் கேட்பதில்லை.