ஒரு வாய்தாவின் விலை

என் ஜன்னல் வெயிலின் விலை ஐயாயிரம். வழக்கென்று போட்டால் கேட்கிற பொருளுக்கு ஒரு மதிப்புக் காட்ட வேண்டுமாம். கோர்ட் கட்டணம் குறையட்டும் என்று வக்கீலிடம் பேரம் பேசி நான் இறக்கிய தொகை அது. வெயிலை மறைத்துச் சுவர் எழுப்பியவன் பக்கத்து வீட்டில் இருக்கும் என் தம்பி.

ஆறு வருடமாக, வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வராந்தாவில்தான் அவனைப் பார்க்கிறேன்.

"என்ன பூட்டுக்கடை முதலாளி, இன்னும் மேல போகலையா?" என்பான்.

"உன் சுவரை இடிச்சுட்டுத்தான்டா போவேன்."

மனைவி போன பிறகு என்னை விசாரிக்கிற ஒரே ஆள் அவன்தான்.

இன்று கோர்ட்டில் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவன் வரவில்லை.

"எதிராளி வரலைன்னா தீர்ப்பு நமக்குத்தான். இன்னிக்கே முடிஞ்சிடும் ஐயா," என்றார் வக்கீல்.

முடிந்துவிட்டால் நான் யாரைப் பார்க்க வருவது? எழுந்து நின்றேன்.

"உடம்பு முடியலைங்க. வாய்தா வேணும்."

நீதிபதி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஜெயிக்கிற கேசுக்கா? சரி, தர்றேன். ஆனா வாய்தா கேட்டவர் எதிர்த்தரப்புக்கு இருநூறு செலவுத்தொகை கொடுக்கணும்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சட்டைப்பையிலிருந்த சீட்டில் குறித்துக்கொண்டேன்: தம்பிக்குப் பாக்கி இருநூறு, நேரில், அவன் கையில்.