கணக்கப்பிள்ளை கூப்பிடாத பேர்

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் பதினைந்தாம் தேதி, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை, ஊசிமலைத் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை செல்லசாமியின் வாயில் ஒரே ஒரு பேர்தான் வந்தது. தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும் அழகுமுத்துவின் பேர் அது. செல்லசாமி ஒருநாள் கூப்பிட மறுத்த பேர். அந்தத் தேதியில் அவர் சோறு கேட்டாலும் அதுதான் வரும், நாயை விரட்டினாலும் அதுதான் வரும். மறுநாள் விடிந்ததும் நாக்கு பழையபடி அவருடையதாகிவிடும். பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருந்த அந்தத் தோட்டத்தில் இதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. அரிசி விலை ஏறியதைச் சொல்கிற மாதிரிதான் இதையும் சொல்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் அதே தேதியில் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்தத் தேதிக்கு நேராக அதைத்தான் எழுதுவார்கள். தேயிலை நட்ட சனம் ஒரே காலையில் நாடில்லாத சனமானது. அது அந்தச் சனத்துக்கே தெரியாது, ஏனென்றால் தலவாக்கலைக்கு ரயிலில் வந்த பத்திரிகை மலையேறி வருவதற்கு நாளாகும். ஊசிமலையில் அன்று காலை நடந்தது வேறு. தப்பு மேளம் அடித்ததும் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேர் வந்தவருக்கு வேலை உண்டு. வராதவர் லயத்துக்குத் திரும்பிப் போய்ப் பட்டினி கிடக்கலாம். கூப்பிடும்போது தலையில் போட்டிருக்கும் கம்பளியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், மழை கொட்டினாலும் சரி. இந்த மரியாதையைக் கண்டுபிடித்தவன் எவனோ தெரியாது, அவன் தலை ஒருநாளும் நனைந்ததில்லை என்பது மட்டும் நிச்சயம். அழகுமுத்துவுக்கு அன்று காய்ச்சல். ஐப்பசி மழையில் நடுங்கிக்கொண்டு நின்றவன் கம்பளியை எடுக்க மறந்துவிட்டான்.

செல்லசாமி குடைக்குள்ளிருந்து அவனைப் பார்த்தார். அவன் பேரைத் தாண்டி அடுத்த பேரைக் கூப்பிட்டார். அழகுமுத்து பதறிப்போய்க் கம்பளியை உருவி மடித்துக் கையில் வைத்துக்கொண்டான். "எடுத்துட்டேங்க. கூப்புடுங்க," என்றான். "மரியாத தெரியாதவனுக்குப் பேர் கெடையாது," என்று சொல்லிவிட்டு செல்லசாமி களத்தை விட்டு இறங்கிப் போனார். எல்லோரும் மலைக்குப் போனார்கள். அழகுமுத்து மட்டும் போகவில்லை. பேரைக் கூப்பிடாமல் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று வெறுந்தலையோடு மழையில் நின்றான். அவன் பெண்டாட்டி வேலாயி வந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். செல்லசாமி அந்த வழியாக இரண்டு தடவை போனார், அவன் பக்கம் திரும்பவில்லை. பொழுது சாயும்போது அழகுமுத்து நின்றபடியே செத்துப்போயிருந்தான். அவனைப் படுக்க வைக்க நாலு ஆட்கள் முயன்றும் முடியவில்லை, முழங்கால் மடங்க மறுத்தது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டபோது, களத்தைப் பாழாக்காமல் ஓரத்தில் புதைக்கச் சொன்னார். அங்கேயே ஆழமாகக் குழி வெட்டி நின்றபடியே புதைத்தார்கள். வேலாயி ஒப்பாரி வைக்கவில்லை. மண் தள்ளி முடியும் வரை பொறுத்திருந்து செல்லசாமிக்கு முன்னால் வந்து நின்றாள். "நீங்க கூப்புடாத பேர நீங்களே கூப்புட்டுக் கூப்புட்டு ஓயணும்," என்றாள். அவ்வளவுதான் அவள் பேசினது. மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் அந்தத் தேதியில் செல்லசாமி பெரட்டுக் களத்தில் வாயைத் திறந்து முதல் ஆளை "சோலைமலை" என்று கூப்பிடப் போக, "அழகுமுத்து" என்று வந்தது. மறுபடி முயன்றார், மறுபடியும் அதுதான். மூன்றாம் தடவை களத்து ஓரத்தில் மண்ணுக்குள்ளிருந்து "இருக்கேங்க" என்று பதில் வந்தது. தெளிவான குரல், காய்ச்சல்காரக் குரல்கூட இல்லை. வரிசையில் நின்றவர்கள் யாரும் ஓடவில்லை. பேர் கூப்பிட்டால் ஆள் பதில் சொல்வது தோட்டத்தில் வழக்கம்தானே. அதற்கடுத்த வருஷம் செல்லசாமி வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டார். சின்னக் கணக்கப்பிள்ளை இராமையா பெரட்டுக்குப் போனார். அன்று முழுவதும் செல்லசாமி பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்க முடியாமல் அழகுமுத்துவைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தார், பேனாவும் அதையே எழுதியது.

தோட்டத்தில் வேலைக்கு இங்கிலீஷ் தேதி, நல்லது கெட்டதுக்குத் தமிழ்த் தேதி. ஐம்பத்தோராம் வருஷம் செல்லசாமி மகள் நாகலெட்சுமிக்குக் கல்யாணம் வைத்தபோது பஞ்சாங்கத்தைப் பார்த்து ஐப்பசிக் கடைசி முகூர்த்தத்தைக் குறித்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்து ஊரையெல்லாம் அழைத்தார்கள். தினம் தினம் பெரட்டில் இங்கிலீஷ் தேதி போடுகிற மனிதருக்கு, அந்த முகூர்த்தம் எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. கல்யாணத்தன்று காலையில் வாழையிலை கொண்டுவரச் சொல்லி வாயைத் திறந்தார், அப்போதுதான் புரிந்தது. பந்தல் போட்டாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் தலவாக்கலையிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள், இனி நிறுத்த முடியாது. ஐயர் பெண்ணின் தகப்பனார் பேர் கேட்டார். "அழகுமுத்து," என்றார் செல்லசாமி. பாட்டனார் பேர் கேட்டார். "அழகுமுத்து." பூட்டனாருக்கும் அதேதான். ஐயர் என்ன செய்வார், சொன்ன பேரைச் சொல்லித் தாரை வார்க்க வைத்தார். அக்கினி சாட்சியாக நாகலெட்சுமி அழகுமுத்துவின் மகளாகத்தான் கழுத்தை நீட்டினாள். யாரும் அழைக்காமல் வந்து பந்தல்காலில் சாய்ந்து நின்ற வேலாயி, முந்தானையில் மறைத்து வைத்திருந்த பித்தளைச் செம்பை எடுத்து மணவறையில் வைத்தாள். "மகளுக்கு எங்க வீட்டுச் சீருங்க," என்றாள். செல்லசாமிக்குக் கண் சிவந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அந்த வாயில் வந்ததைக் கேட்டு வேலாயி தலையாட்டிவிட்டுப் போனாள். மூன்று வருஷத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

இதெல்லாம் மானம் போகிற விஷயம். ஐம்பத்தாறில் போனது வேறு. நாடில்லாதவர்களில் மனுப் போட்டு நிரூபிக்க முடிந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை உண்டு என்று இன்னொரு சட்டம் வந்திருந்தது. செல்லசாமியும் மனுப் போட்டிருந்தார். பூண்டுலோயாவில் வீடு கட்டியிருந்தார், கடலுக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு நாதியும் இல்லை, இங்கேயே சாக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. பல வருஷம் கழித்து விசாரணைக்கு நுவரெலியாவுக்கு அழைத்தார்கள், நவம்பர் பதினைந்தாம் தேதிக்கு. தேதியை மாற்றச் சொல்லி எழுதினார், பதில் வரவில்லை. போனார். அதிகாரி சிங்களத்தில் கேட்டதை யாழ்ப்பாணத்துக்காரரான மொழிபெயர்ப்பாளர் பரமலிங்கம் தமிழில் சொன்னார். "உம்மட பேரைச் சொல்லட்டாம்." செல்லசாமி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். "பேரைச் சொல்லும் ஐசே, உம்மட சொந்தப் பேர்தானே!" வந்துவிட்டது. பிறந்த இடம் கேட்டார்கள், அதுவும் அழகுமுத்து. மனுவில் இருப்பது செல்லசாமி, வந்திருப்பது அழகுமுத்து, ஆள் மாறாட்டம் என்று தள்ளுபடி செய்தார்கள். நியாயமான தீர்ப்புத்தான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவரும் கொழுந்தெடுக்கிறவர்களும் ஒன்று, நாடில்லாதவர்கள்.

அந்த மாசக் கடைசியில் செல்லசாமி வேலாயியின் லயத்து வாசலுக்கு வந்தார். என்ன செய்தால் அவன் விடுவான் என்று கேட்டார். வேலாயி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "அவரு உங்களப் புடிச்சு வைக்கலிங்க. பதினஞ்சாந் தேதி கூப்புடுறது உங்க நாக்கு. நீங்க இன்னும் கூப்புடல. நாக்கு உங்களுதா இருக்கற ஒரு நாள்ல பெரட்டுக் களத்துல நின்னு கூப்புடுங்க. அதுக்கப்புறம் அவரு இஷ்டம்." செத்தவனைக் கூப்பிட்டால் தோட்டமே சிரிக்கும் என்று செல்லசாமி திரும்பிப் போய்விட்டார். அப்படியே எட்டு வருஷம் போனது. மற்ற நாட்களில் அந்தப் பேரை மட்டும் அவர் தப்பித் தவறிக்கூடச் சொல்லவில்லை. வீம்பு என்றால் அது வீம்பு.

அறுபத்து நாலு அக்டோபர் கடைசியில் கடலுக்கு இரண்டு பக்கத்து அரசாங்கங்களும் உட்கார்ந்து, நாடில்லாத இந்தச் சனத்தில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டன. மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டன. லயத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடு மாடு விற்கிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். செல்லசாமிக்குத் தூக்கம் போய்விட்டது. மறுபடி விசாரணை வரும், மறுபடி பேர் கேட்பார்கள், அரசாங்கம் எந்தத் தேதியைக் கொடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நவம்பர் பதினாலாம் தேதி, நாக்கு இன்னும் அவருடையதாக இருக்கும்போதே, பெரட்டுக் களத்துக்கு வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. குடையை மடக்கி இராமையா கையில் கொடுத்தார். தொப்பியைக் கழற்றினார். களத்து ஓரத்தைப் பார்த்து, "அழகுமுத்து!" என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். "அழகுமுத்து, நான்தான்டா, நானாத்தான் கூப்புடுறேன்!" மண்ணுக்குள் ஒரு அசைவும் இல்லை. இராமையா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மற்றவர்களின் பேர்களைக் கூப்பிட்டு முடித்தார். எல்லோரும் மலைக்குப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. செல்லசாமி பதில் வரும் வரை நகர்வதில்லை என்று அங்கேயே நின்றார். மத்தியானம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த வேலாயி அவரைக் கடந்து போகும்போது நின்றாள். "பதில் சொல்லச் சொல்லு தாயி," என்று செல்லசாமி கெஞ்சினார்.

"நில்லுங்க. அவரும் நின்னாரு," என்று சொல்லிவிட்டு அவள் வெறுங்கூடையை முதுகில் சரிசெய்துகொண்டு போனாள்.

பொழுது சாயும்போது செல்லசாமி நின்றபடியே செத்துப்போயிருந்தார். அவருக்கும் முழங்கால் மடங்கவில்லை. இந்த வேலை தெரிந்த ஆட்கள் தோட்டத்தில் இருந்ததால் குழி சீக்கிரம் தயாரானது. பழைய குழிக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்து மூடினார்கள். இப்போதாவது மனசு ஆறியதா என்று லயத்துப் பெண்கள் கேட்டதற்கு, "பாதி," என்றாள் வேலாயி.

அறுபத்தைந்து நவம்பர் பதினைந்தாம் தேதி பெரிய கணக்கப்பிள்ளை இராமையா எல்லோருக்கும் முதலில் அழகுமுத்துவின் பேரைக் கூப்பிட்டார். "இருக்கேங்க" என்று மண்ணிலிருந்து பதில் வந்தது. அன்றைக்கு அவனுக்கு முழுநாள் கூலிக்கான முழுப்பேர் போட்டார். அது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் அதற்கு முந்தின நாள், பதினாலாம் தேதி, பக்கத்துக் குழிக்குள்ளிருந்து ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காத்திருக்கும் சத்தம் பெரட்டு முடியும் வரை கேட்கும். அவர் பேரை யாரும் கூப்பிடுவதில்லை.