மாதம் முதலா, நாள் முதலா

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கமா அக்கா’. ஆயிரம் வரியில் ஒரு கமா விடுபட்டாலும் மோப்பம் பிடித்துவிடுவாள். அதனால்தான் இறப்புப் பதிவேட்டை அவள் தலையில் கட்டினார்கள்.

சிக்கல் சின்னதுதான். மருத்துவமனைகள் அனுப்பும் தேதிகளைக் கணினி நாள் முதலில், மாதம் பிறகு என்று படித்தது. ஒரு மருத்துவமனைக்காரர்கள் மட்டும் மாதத்தை முன்னால் எழுதித் தொலைத்திருந்தார்கள். ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி காலையில், இன்னும் வராத தேதிகளில் நாற்பத்தோரு பேர் செத்திருந்தார்கள். சிலர் இருபத்து மூன்றாவது மாதத்தில்! அப்படியொரு மாதம் எமனுக்கே தெரியாது.

பதிவுகளைத் தொட அவளுக்கு அதிகாரம் கிடையாது. தேதியை எப்படிப் படிப்பது என்று குவெரியில், அதாவது கணினிக்கு எழுதும் கட்டளையில், ஒரு வரியை மாற்றலாம், அவ்வளவுதான்.

பட்டியலின் பன்னிரண்டாவது வரியில் தங்கையின் பெயர் இருந்தது. அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு எண், எல்லாம் தங்கையுடையவைதான். இறந்த தேதி 05-09. செப்டம்பர் ஐந்து. இன்னும் இரண்டே வாரம்.

உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

“என்னடி பண்ற?”

“துணி காயப்போடுறேன். ஏங்க்கா, செத்தவகிட்ட பேசுற மாதிரி இழுக்குற?”

“சும்மாதான்டி” என்று வைத்துவிட்டாள். பாழாய்ப்போன வேலை!

பிறகு மூளை வேலை செய்தது. மாதம் முதலில் என்று படித்தால் அது மே ஒன்பது. மே மாதத்துக்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்! கடந்துபோன தேதிக்கு என்ன பயம்? துணி காயப்போடுகிறவளை அது என்ன செய்துவிடும்? அந்த மருத்துவமனைக்கு மட்டும் மாதம் முதலில் என்று வரியை மாற்றி ஓட்டினாள்.

வராத தேதிகள் ஒன்றுகூட மிச்சமில்லை. எட்டிப் பார்த்த மேலாளர், “கமான்னா கமாதாம்மா! மத்தியானத்துக்குள்ள பட்டியலப் பூட்டிடுங்க. அப்புறம் யாரும் கைவைக்க முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிம்மதியாகத் தங்கையை மறுபடி கூப்பிட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது போன். தங்கை புருஷனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, அவகிட்ட குடுங்க.”



“என்னக்கா கேக்குறீங்க? மூணரை மாசம் ஆச்சு. சர்டிபிகேட்ட நீங்கதானே உங்க கையாலயே அடிச்சுக் குடுத்தீங்க?”

மேசை இழுப்பறையைத் திறந்தாள். நகல் இருந்தது. அடியில் அவள் கையெழுத்து, மே மாதத் தேதியோடு. ஐயோ, பாவி, என்ன காரியம் செய்தேன்!

விழுந்தடித்து வரியைப் பழையபடி மாற்றி ஓட்டினாள். நாற்பத்தோரு பேரும் திரும்பி வந்தார்கள். இழுப்பறை காலியாகியிருந்தது. போன் போட்டாள்.

“இப்பதானேக்கா பேசின? துணியக் காயப்போட விடுறியா?”

கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கே உங்க வீட்டுக்கு வர்றேன்டி. ரெண்டு வாரம் தங்குறேன்.”

“அட, அதிசயமா இருக்கே! வா, வா.”

மேலாளர் வாசலில் நின்றார். “என்னம்மா, பழைய தப்பு அப்படியே இருக்கு? மாதம் முதல்லதானே சரி?”

“இல்ல சார், நாள்தான் முதல்ல” என்று சொல்லிவிட்டு, கமா அக்கா தப்பான வரியை அப்படியே பூட்டினாள்.