பதினொன்றாம் கட்டில்

2024, ஜூலை 15, திங்கட்கிழமை, காலை 9.40. ஊட்டியில் தூறல், கூடவே பனிமூட்டம். மருந்தியல் படிப்பான ஃபார்ம்.டி.யில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ரொனால்டுக்கு அன்று வார்டுப் பயிற்சியின் இறுதித் தேர்வு. தேறாவிட்டால் அந்த இரண்டு மாதப் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும். தான் தேறாமற்போக வாய்ப்பே இல்லை என்று அவன் கருதினான்.

பதினொன்றாம் கட்டிலில் ஆஸ்துமா நோயாளி. பேராசிரியை யூனிஸ் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பயிற்சிக்கான, மருந்தில்லாத இன்ஹேலரைக் கொடுத்து, அதைப் பயன்படுத்தும் ஏழு படிகளையும் பிழையின்றி விளக்கினான். கட்டிலில் இருந்த அம்மாள் ஒவ்வொன்றையும் பணிவாகச் செய்துகாட்டினார். தன் விளக்கத்தில் தானே மயங்கிய ரொனால்ட், எட்டாவதாக ஒரு படியையும் சேர்த்தான்.

"இப்ப இளைப்பு எப்படிங்க இருக்கு?"

"எனக்கு ஏதுங்க இளைப்பு? என்ற தங்கச்சிக்குத்தானுங்க நோவு. அவ டீ குடிக்கப் போயிருக்கறா. கட்டில் காலியா இருந்துச்சுன்னு இடுப்பைச் சாய்ச்சேன்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க?"

"நீங்க எங்கீங்க பேச உட்டீங்க?"

யூனிஸ் சிரிக்கவில்லை. ரொனால்ட் நிரப்பிய தேர்வுப் படிவத்தின் முதல் வரியைப் பார்த்தார்: 'நோயாளியின் பெயரைக் கேட்டு உறுதிசெய்க.' எதிரே அழகான டிக். வார்டில் அவசரமாகப் போட்டால் கோணலாகிவிடும் என்று ரொனால்ட் அதை விடுதியிலேயே போட்டிருந்தான்.

யூனிஸ் முடிவை எழுதிக் கையெழுத்திட்டார்: 'தேர்ச்சி இல்லை. பயிற்சியை மீண்டும் செய்க.' தாளை நீட்டினார்.

வாங்கும்முன் ரொனால்ட் அதிலிருந்த பெயரை இருமுறை சரிபார்த்தான். அவனுடையதுதான்.