அக்காவின் மாமியார்

எழுந்து உட்கார முடியாதவர்களுக்காக அக்கா ஒரு சட்டை தைப்பாள். படுத்தவாக்கிலேயே மாட்டிவிடலாம். கையைத் தூக்க வேண்டாம், தலைவழியாக இழுக்க வேண்டாம். தோளிலிருந்து இடுப்புவரை பக்கவாட்டில் திறந்து, ஒட்டுப்பட்டையால் மூடிக்கொள்ளும். முதுகுப் பக்கம் ஒரு தையல்கூட இருக்காது. அவளுடைய மாமியார் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தபோது, அந்த அம்மாவுக்காக வெட்டிப் பார்த்து, பிரித்துப் பார்த்து, மறுபடி வெட்டி அவள் கொண்டுவந்த சட்டை அது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் வேறொரு வீட்டுக்காக இரண்டு கேட்டாள். அந்த வீட்டிலிருந்து ஐந்து கேட்டார்கள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் கேட்பது நிற்கவில்லை.

நான் அப்போது ஜெராக்ஸ் மெஷின் விற்கிற கம்பெனியில் இருந்தேன். வாயை வைத்துப் பிழைக்கிறவன். "அக்கா, இதை ஒரு கம்பெனியா ஆரம்பிக்கலாம். நீ தை, நான் விக்கிறேன்" என்று சொன்னது நான்தான். அதுவரைக்கும் நான் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மெஷின் வாங்க வேண்டும், துணி மொத்தமாக எடுக்க வேண்டும், ஆள் போட வேண்டும். பேங்கில் அடமானம் கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாடகை வீட்டுக்காரர்கள். அப்போதுதான் ஏஞ்சல் முதலீட்டாளர்கள் என்று சிலர் இருப்பது தெரிந்தது. ஒரு கம்பெனி தவழ்கிற வயசிலேயே தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு, பதிலுக்குப் பங்கு வாங்கிக்கொள்கிறவர்கள். வட்டி கிடையாது. தொழில் மூழ்கினால் அவர்கள் பணமும் சேர்ந்து மூழ்கும். அதனால் தொழிலைப் பார்ப்பதைவிட அதை நடத்துகிற ஆளைத்தான் துருவிப் பார்ப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆறு மாதத்தில் பதினொரு பேரைப் பார்த்தோம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். இது மூன்றாவது ஆளிடமே விளங்கிவிட்டது. பதினொன்றாவது ஆள் ஆர்வமாகக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். நடுவில் அக்கா பக்கம் திரும்பி, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

"ஒன்பதாவது சார்."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். அப்புறம் அவர் பேசியதெல்லாம் போக்குவரத்து நெரிசலைப் பற்றித்தான்.

அன்றைக்கு மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது ஆள் ஒரு பல் டாக்டர் அம்மா. ஒற்றை நாற்காலியில் ஆரம்பித்து ஒன்பது கிளினிக் நடத்தி, எல்லாவற்றையும் விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் சின்னக் கம்பெனிகளுக்குக் கைகொடுக்கிறவர். கூடவே அவருடைய நண்பர், பெயிண்ட் வியாபாரம் செய்கிறவர். டாக்டர் போடுகிற இடத்தில் அவரும் போடுவார். ஐந்தாவது மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த அறை. நான் லேப்டாப்பைத் திறந்தேன். அக்கா சட்டைகள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் படம் சுவரில் விழுந்தது. 'நிறுவனர்' என்று எழுதி, கீழே என் போட்டோ. என்னுடையது மட்டும். அக்கா அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இவங்க?" என்று டாக்டர் அக்காவைக் காட்டினார்.

"நம்ம டெய்லர் மேடம். சாம்பிள் காட்ட வந்திருக்காங்க."

வாய் கூசாமல் சொன்னேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த யோசனை எப்படி வந்தது என்று பெயிண்ட்காரர் கேட்டபோது, என் மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டதாகவும், அவரைச் சட்டை மாற்றப் புரட்டும்போதெல்லாம் அவர் அழுததாகவும், அதைத் தாங்கமாட்டாமல் நானே காகிதத்தில் வரைந்து பார்த்ததாகவும் சொன்னேன். குரலைக்கூடக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா பையிலிருந்து சட்டைகளை எடுத்து மேஜையில் வைத்து, மடிப்பு கலையாமல் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள். தலையே நிமிரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாலு ஸ்டாப் தாண்டியதும் கேட்டாள்: "உன் மாமியாருக்கு எப்போடா பக்கவாதம் வந்துச்சு?"

என் மாமியார் தினமும் காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து, மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறவர்.

"அக்கா, அன்னைக்கு அந்த ஆள் பேனாவை மூடினதைப் பார்த்தேல்ல? காசு கைக்கு வரட்டும், எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்."

"சரி" என்றாள். அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

பணம் போட இரண்டு பேரும் சம்மதித்தார்கள். பாதி உடனே, மீதி ஆறு மாதம் கழித்து. வக்கீல் பங்குதாரர் பட்டியல் கேட்டார். அவர்கள் இருவருக்கும் சேர்த்துப் பதினைந்து சதவீதம், மீதி முழுக்க என் பெயரில். பின்னால் அக்காவுக்கு மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு வேலை உத்தரவு தயாரித்தேன். அவள் வடிவமைக்கிற எதுவும் கம்பெனிக்கே சொந்தம் என்று அதில் ஒரு வரி இருந்தது. விரலால் கோடு காட்டி, "இங்கே கையெழுத்துப் போடுக்கா" என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முழுவதையும் படித்துவிட்டுத்தான் போட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செக்கைக் கொடுத்துவிட்டு டாக்டர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. வாராவாரம் வந்தார். எந்தத் துணி எத்தனை சலவை தாங்குகிறது என்று கேட்டார், விலையை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார், விற்கத் தெரிந்த எனக்கு வசூலிக்கத் தெரியவில்லை என்று கண்டுபிடித்துக் கற்றுக்கொடுத்தார். தனக்குத் தெரிந்த ஒரு முதியோர் இல்லத்தில் பேசி முப்பது பேருக்கு ஆர்டர் வாங்கித் தந்ததும் அவர்தான்.

முப்பது பேருக்கு ஆளுக்கு நாலு சட்டை. எங்கள் மூன்று மெஷினில் ஆகாது என்று வெளியே ஒரு தையல் யூனிட்டுக்குக் கொடுத்தேன். அங்கிருந்த மேற்பார்வையாளர் சொன்னார்: "முதுகை ரெண்டு துண்டா வெட்டி நடுவுல சேர்த்தா துணி நல்லா மிச்சமாகும் சார்." செய்யுங்கள் என்றேன். அக்காவைக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. பொய்யைச் சொல்லிச் சொல்லி, நானே முதலாளி, அவள் டெய்லர் என்று எனக்கே பழகிவிட்டது.

பத்தாவது நாள் டாக்டர் என்னை இல்லத்துக்கு வரச்சொன்னார். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், ஒருகாலத்தில் பஸ் ஓட்டியவர், ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவருடைய முதுகில் நடுவே கோடு இழுத்த மாதிரி சிவந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் புண்ணாகியிருக்கும் என்றாள் நர்ஸ். வேறு நாலு பேருக்கும் அப்படியே.

டாக்டர் சட்டையைத் திருப்பிப் பார்த்தார். "தையல் ஏன் இங்கே வருது? உங்க மாமியாருக்கு எப்படித் தச்சீங்க?"

"டெய்லரை வரச்சொல்றேன் மேடம்" என்றேன்.

அக்கா முக்கால் மணி நேரத்தில் வந்தாள். வந்ததும் என்னைக்கூடப் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டு கட்டிலருகே போனாள். "ஐயா, கொஞ்சம் திருப்பட்டுமா?" என்று கேட்டாள்.

"ரிவர்ஸ் எடுக்கிறப்போ பின்னாடி பார்த்து எடும்மா" என்றார் பெரியவர்.

சிரித்துக்கொண்டே ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, நோகாமல் புரட்டினாள். சிவந்த கோட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. பையிலிருந்து தான் தைத்த சட்டை ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு, டாக்டரிடம் சொல்லிக்கொண்டே போனாள்: "முதுகுல தையலே வரக்கூடாது மேடம். அவங்க உடம்போட பாரம் முழுக்க அங்கேதான் இறங்குது. என் மாமியாருக்கு மொத சட்டையில நானும் இந்தத் தப்பைத்தான் பண்ணேன். மூணு வருஷத்துல பதினாலு தடவை மாத்தி மாத்தி..."

நின்றுவிட்டாள். டாக்டர் அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

அக்காவுக்கு என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. முகம் சிவந்து போய், "அதாவது... சாரோட மாமியாருக்கு. அவங்களுக்குத்தான் தச்சேன். வாய் தவறி..." என்றாள்.

சார். என்னைத் தூக்கி வளர்த்தவள் என்னை சார் என்றாள். எனக்காக அவளும் பொய் சொன்னாள், அவளுடைய சொந்த மாமியாரை எனக்கு விட்டுக்கொடுத்து. அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுவது ஐந்தாவது மாடியில் சொன்ன பொய்க்காக இல்லை. இந்த மௌனத்துக்காகத்தான்.

யூனிட்டில் தைத்த சட்டைகள் அத்தனையையும் அன்றே திரும்ப எடுத்தோம். மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்துப் பக்கம் திறக்கிற அறையில் உட்காரச் சொன்னார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மேடம், அவங்க டெய்லர் இல்லை. என் கூடப்பிறந்த அக்கா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ரெண்டு நாளா உங்க போனுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்கும் வரலேன்னா வக்கீலைக் கூப்பிட்டிருப்பேன்" என்றார். அப்புறம், "படிச்சிருந்தாதான் காசு தருவேன்னு நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லலை மேடம். இதுக்கு முன்னாடி ஒருத்தர்..."

"யாரோ ஒருத்தர் பண்ணதுக்கு என்கிட்ட பொய் சொன்னீங்க. நான் கண்ணைத் துடைச்சேன், ஞாபகமிருக்கா? உங்க மேல இருந்த கோபத்தைவிட, அன்னைக்கு அந்த ரூம்ல அவங்க உக்காந்திருந்ததை நெனச்சாதான் எனக்கு..." முடிக்கவில்லை.

அக்காவுக்குப் பாதிப் பங்கு எழுதிவிடுகிறேன் என்றேன்.

"நீங்க எவ்வளவு கொடுக்கப்போறீங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க. அவங்க எவ்வளவு கேக்கறாங்கன்னு போய்க் கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் மீதிப் பணம் வராது. என் ஃப்ரெண்டுகிட்டயும் நீங்களே போய்ச் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

பெயிண்ட்காரர் நான் சொன்னதை நடுவில் நிறுத்தாமல் கேட்டார். "தம்பி, தொழில்ல நஷ்டம்னு வந்து நின்னிருந்தா இன்னும் கொஞ்சம் போட்டிருப்பேன்" என்றார். மீதிப் பணத்தைத் தர மறுத்துவிட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதுதான் ரொம்ப வலித்தது.

அக்கா வெட்டுமேஜையில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

சுண்ணக்கட்டியால் கோடு போட்டபடியே கேட்டாள்: "அந்த அஞ்சாவது மாடியில உனக்கு என்னைப் பார்த்து வெட்கமா இருந்துச்சா?"

காசுக்காகத்தான் செய்தேன் என்று பூசி மெழுகியிருக்கலாம். "ஆமாக்கா" என்றேன்.

கோடு பாதியில் நின்றது. எதிர்பார்த்திருப்பாள், ஆனாலும் என் வாயால் கேட்டது அவளுக்குத் தாங்கவில்லை. அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பில்லை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினாள். பென்சிலில் எழுதியிருந்தது. அறுபது அவளுக்கு. இருபத்தைந்து எனக்கு. பதினைந்து முதலீடு செய்தவர்களுக்கு. எழுதி எத்தனை நாளானதோ, மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது.

"உனக்கும் ஒரு வேலை உத்தரவு எழுதிக்கோ. என்ன வேலை, என்ன சம்பளம்னு. படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு" என்றாள்.

"சரிக்கா."

"வெட்டுல இனிமே யார் கை வைக்கிறதா இருந்தாலும் என்னைக் கேக்கணும். நீயும்தான்."

பத்திரங்களைத் திருத்தினோம். டாக்டர் சொன்னபடி தன் மீதிப் பணத்தைத் தந்தார். பெயிண்ட்காரர் விட்ட பள்ளத்தை அடைக்க மறுபடி ஆள் தேடவேண்டியிருந்தது. இந்தத் தடவை அக்காதான் பேசினாள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, "நான் ஒன்பதாவதுதான் படிச்சிருக்கேன். இந்தச் சட்டையைப் பதினாலு தடவை மாத்தித் தச்சிருக்கேன்" என்பாள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது, ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டில் செய்கிற ஒரு அம்மா, மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் சட்டையை உள்வெளியாகத் திருப்பிக் கால்மணி நேரம் பார்த்துவிட்டுக் கைகுலுக்கினார்.

இப்போது எங்கள் சட்டை பத்தொன்பது இல்லங்களுக்குப் போகிறது. இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். டாக்டர் வாராவாரம் வருகிறார், நேரே அக்காவின் மேஜைக்குப் போய்விடுவார். என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார். வசூல் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அக்காவும் என்னோடு பேசாமல் இல்லை. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறாள், என் இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் திட்டுகிறாள். ஆனால் முன்பெல்லாம் புதுசாக ஏதாவது தோன்றினால் அவள் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். "டேய், கை உடைஞ்சவங்களுக்கு இப்படி வெட்டினா என்னடா?" என்று பாதி யோசனையிலேயே ஆரம்பிப்பாள். போன வாரம் காலை இழந்தவர்களுக்கான ஒரு புது மாதிரியை மேஜையில் விரித்து எல்லோருக்கும் காட்டினாள். ரொம்ப நன்றாக இருந்தது. நானும் மற்றவர்களோடு சேர்ந்து நின்று, முதல் தடவையாக அதைப் பார்த்தேன்.