இன்ஜின் மூடியைச் சுற்றி வெளிச்சம்

இடது கெண்டைக்கால் வெந்ததுபோல் எரிந்தது. லாரியிலிருந்து இறங்கியதும் டிரைவருக்கு முதல் வேலை, அந்தக் காலைக் குழாயடியில் நீட்டுவதுதான். இருக்கைக்குப் பக்கத்திலேயே, ஒரு தகர மூடிக்கு அடியில் இன்ஜின் கிடக்கும் பழைய வண்டி அது. அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி சூடு. சத்தத்தைச் சொல்லவே வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும்.

சூடு மட்டும் என்றால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பார். ஆனால் வண்டியில் கிளீனராக வரும் மச்சினன், மனைவியின் தம்பி, பேச்சை நிறுத்தியிருந்தான். சிமெண்ட் குடோனில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, பின்னால் நின்று குரல் கொடுத்தவன் அவன்தான். வண்டி நிற்காமல் போய்ச் சுவரில் மோதியது. துள்ளி ஒதுங்கியதால் உயிர் பிழைத்தான். நீ வாயையே திறக்கவில்லை என்று மூட்டை தூக்குகிறவர்கள் முன்னால் டிரைவர் அவனைத் திட்டித் தீர்த்தார். தொண்டை கிழியக் கத்தினேன் என்றான் அவன். கேபின் சத்தம் அடங்கும்வரை அந்த வண்டிக்குப் பின்னால் நிற்க மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் வராவிட்டால் வண்டி நகராது. இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது.

டிரைவர் சீட் தைக்கிறவரைப் பிடித்துக் கூரை, கதவு, முதுகுப்பக்கம் எல்லாவற்றிலும் ஸ்பாஞ்சை ஒட்டி ரெக்சின் அடித்தார். மெத்தைக் கடைக்குள் ஏறின மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. ஆனால் சத்தம் நூலளவும் குறையவில்லை. சூடு முன்னைவிட மோசம். இவ்வளவு அடைத்த பிறகும் எந்த வழியாக உள்ளே வருகிறது? அது அவரைத் தின்றது. கதவைத் தட்டிப் பார்த்தார், தரையில் முகத்தை வைத்துப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை.

விடுமுறை நாளில் மச்சினன் வந்தான், அக்காவைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு. அவனையும் அந்தக் கேள்வி அரித்திருக்க வேண்டும். ஒயரோடு ஒரு பல்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். ஜன்னல்களைப் போர்வையால் மூடச் சொன்னான். கணவனும் மனைவியும் இருட்டுக் கேபினில் குனிந்து உட்கார்ந்தார்கள். கீழே பல்பு எரிந்தது.

"அக்கா, என்ன தெரியுது?"

"கியர் கம்பி அடியில ஒரு ஓட்டை. கிளச்சுப் பக்கம் ரெண்டு. மூடியைச் சுத்திக் கோடு போட்ட மாதிரி வெளிச்சம்டா."

டிரைவர் விரலை அந்தக் கோட்டில் வைத்தார். விரல் நுனி உள்ளே போனது. சூடான காற்று நகத்தில் அடித்தது.

"வெளிச்சம் வர்ற வழியிலதான் மாமா சூடும் வருது, சத்தமும் வருது," என்றது அடியிலிருந்து குரல். "நீங்க கிணத்துக்குள்ள நின்னுக்கிட்டுக் குடை பிடிச்சிருக்கீங்க."

மனைவி சிரித்துவிட்டு, அவன் சொன்னதை அவரிடம் திருப்பிச் சொன்னாள். மாமா என்றானா என்று மட்டும் கேட்டார் டிரைவர்.

மூடியின் பழைய ரப்பர் சருகாகப் பொடிந்தது. புதுப் பட்டை வைத்து இறுக்கினார்கள். கியர் கம்பிக்குத் தோல் உறை தைத்துப் போட்டார்கள். மூடியின் உட்புறம் சூடு தாங்கும் துணி. மிதிகளைச் சுற்றியும் அடைத்தார்கள்.

வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். மூடிமேல் உள்ளங்கையை வைத்தால் சுடாமல் வைத்தபடியே இருக்க முடிந்தது. இன்ஜின் பக்கத்து வீட்டில் ஓடுவதுபோல் ஒடுங்கிவிட்டது. காலுக்கு எப்படி என்று மனைவி கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபடி, பரவாயில்லை என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னும் எங்கேயோ காத்து போகுது. விசில் மாதிரி."

அவள் குனிந்து கேட்டாள். ஒன்றுமில்லை. அவர் கதவு ரப்பரை அழுத்தினார், கண்ணாடியை ஏற்றி இறக்கினார். இன்ஜினை நிறுத்தினார். விசில் நிற்கவில்லை.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை பின்னால் எடுத்துப் பாருங்களேன் என்றாள். தம்பியைப் பின்னால் போய் நின்று குரல் கொடுக்கச் சொன்னாள்.

டிரைவர் மறுபடி கிளப்பி ரிவர்ஸ் போட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு மெதுவாக எடுத்தார். வண்டி போனது. குரல் எதுவும் வரவில்லை. திடீரென்று மனைவி கை பிரேக்கை இழுத்தாள். வண்டி குலுங்கி அணைந்தது.

"என்ன?"

"நில்லு நில்லுன்னு கத்துறான்ங்க. எனக்கு இங்கேயே கேக்குது."

அணைந்த வண்டிக்குள் அவருக்கு அந்த விசில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அடைக்க இனி வண்டியில் ஓட்டை இல்லை.

மச்சினன் ஜன்னலோரம் வந்து நின்றான். சூடு குறைந்ததா என்று கேட்டது அவன் உதட்டில் தெரிந்தது. குறைந்திருக்கிறது என்றார்.

அன்றைக்கு அவன் கத்தியிருக்கிறான். கேட்காதது தன் காதுக்குத்தான் என்று அதே குடோனில், அதே மூட்டைக்காரர்கள் முன்னால் டிரைவர் சொல்ல வேண்டும். மச்சினனுக்கு அவர் பட்ட கடன் அது. இன்னும் தீர்க்கவில்லை.