போனில் சொல்ல முடியாது

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் நேற்று மாலையிலிருந்து எழவில்லை. பட்டனை அழுத்தினால் உள்ளே காற்றாடி சுற்றுகிறது. பெட்டி நீளமாகக் கூவுகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. காலையில் அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். இந்த முறை அவனால் தட்டிக்கழிக்க முடியவில்லை. அழுதிருந்தாள். சொல்லவில்லை, ஆனால் குரலில் இருந்தது. குரலில் இருப்பதை அவன் தவறவிடுவதில்லை.

கதவைத் திறந்தவர் அத்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவர். வாரம் முழுக்கப் பிள்ளைகளை அதட்டிவிட்டு, விடுமுறை நாளில் வாய்க்கு வேலை தேடுவார்.

“வாங்க இன்ஜினியர் சார். நோயாளி உள்ள படுத்திருக்கு. மூச்சு இருக்கு, முழிப்புதான் இல்ல.”

“வந்ததும் வராததுமா அவனப் புடிச்சுக்காதீங்க,” என்றாள் அக்கா. “வாடா. சாப்பிட்டியா?”

“ஆச்சுக்கா.”

ஆகவில்லை.

கம்ப்யூட்டர் ஜன்னலோர மேசையில் இருந்தது. பழைய திரைச்சீலைத் துணியில் அக்கா தைத்த உறை மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. வெள்ளையாக இருந்த பெட்டி பழுப்பேறிவிட்டது. அதற்குள்தான் அக்காவின் புத்தகம் இருந்தது. கணக்கென்றாலே கை உதறும் பிள்ளைகளுக்கு ஒரு வடிவியல் புத்தகம். முக்கோணம், வட்டம், தொடுகோடு எல்லாம் அவளே ஒவ்வொரு கோடாக வரைந்தவை. இரண்டு வருட உழைப்பு. அச்சகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேறெங்கும் பிரதி இல்லை.

‘பிரதி எடுத்து வைக்கணுமாமே, எப்படிடா?’ என்று அவள் போனில் கேட்டிருந்தாள். ‘அதெல்லாம் போன்ல சொல்ல முடியாதுக்கா. நேர்ல வந்து செஞ்சு தரேன்’ என்றான். போன மாதம், மெஷின் சில நாள் கூவுகிறது, சில நாள் சும்மா இருக்கிறது என்றாள். அதற்கும் அதே பதில். நேரில் வரவில்லை.

போனில் சொல்வதுதான் அவன் வேலை.

இது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பாதியில் விட்ட படிப்பை முடித்துவிட்டதாகச் சொன்னான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்றான். பின்னது உண்மை. இன்ஜினியர் என்று அவன் வாயால் சொன்னதில்லை. அக்கா சொன்னாள், அத்தான் சொன்னார், வேனில் வரும் பிள்ளைகளின் அம்மாக்கள்வரை அது போய்ச் சேர்ந்தது. அவன் மறுக்கவில்லை, அவ்வளவுதான். கம்பெனி என்பது நீளமான ஒரு கூடம். வரிசையாக நாற்காலிகள். காதில் ஹெட்செட். எதிரே திரையில் கேள்விகள் வரும். விளக்கு எரிகிறதா? காற்றாடி சுற்றுகிறதா? எப்படிக் கூவுகிறது? எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்துப் பதில் சொல்வார். அடுத்த கேள்வி வரும். அவன் எழுப்பிவிட்ட கம்ப்யூட்டர்களில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை.

“என்ன மாப்ளே, கீழ இறங்கித் தள்ளணுமா? தள்ளுனா எங்க வண்டி ஸ்டார்ட் ஆயிடும்.”

“டார்ச் அடிங்க, அத்தான்.”

பக்கத்து மூடியைக் கழற்றினான். உள்ளே தூசி பஞ்சு போல அப்பியிருந்தது. அதற்கடியில் பச்சைப் பலகை, ஒயர்க் கத்தைகள், சிறிதும் பெரிதுமாகக் குத்திட்டு நிற்கும் துண்டுகள். பட்டனை அழுத்தினான். காற்றாடி சுற்றியது. நீளமாக ஒரு கூவல். நின்றது. மறுபடி நீளமாக.

நீளக் கூவல் என்றால் ரேம் என்கிற நினைவகப் பட்டையில் கோளாறு. எடுத்துத் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். துடைக்கப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பர் போதும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் ஒரு இன்ஜினியர் இவ்வளவு தூரம் வந்து, ‘அக்கா, ரப்பர் இருக்கா?’ என்று கேட்டால் அத்தான் என்ன சொல்வார் என்பதும் தெரிந்தது. வேன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

கேட்கவில்லை. வேலை தெரிந்தவன் போல ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்த்தான். சிலதைப் பிடுங்கி ஊதி மாட்டினான். தூசியைத் துணியால் துடைத்தான். துணியோடு ஏதோ வந்தது. எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்குள் அது மற்ற ஒயர்களுக்குள் போய்விட்டது. பட்டனை அழுத்தினான்.

காற்றாடி சுற்றவில்லை. கூவலும் இல்லை. இன்னொரு முறை அழுத்தினான்.

“இருந்த மூச்சும் போச்சா?” என்றார் அத்தான்.

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். அவளைப் பார்க்காமல் அவன் பெட்டியைப் பார்த்துச் சொன்னான்.

“போர்டு போயிடுச்சுக்கா. பழைய மெஷின். ஒண்ணும் பண்ண முடியாது.”

“புத்தகம்?”

“எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார். பேசிப் பாக்கறேன். இங்க சிக்னல் வரல, கீழ போய்ப் பேசிட்டு வரேன்.”

அத்தான் கையிலிருந்த போனில் சிக்னல் நிரம்ப இருந்தது. அது அவனுக்கும் தெரிந்தது.

மூன்று மாடி இறங்கினான். கீழே சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றான். பேச யாரும் இல்லை. தெருவுக்குப் போய், பஸ் ஏறி, வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தான். நாளைக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கு ஏதாவது சொல்லியே இத்தனை காலம் ஓட்டியாகிவிட்டது. வாசல் கேட்டில் கை வைத்தபோது போன் அடித்தது.

அக்கா. யோசிக்காமல் எடுத்துக் காதில் வைத்தான்.

“நான் அழுத்திப் பாத்தேன்,” என்றாள். மூச்சு வாங்கியது. “விளக்கும் எரியல, சத்தமும் வரல. காலைல வரைக்கும் கூவிச்சு. இப்ப எதுவுமே இல்ல. என்ன செய்யறதுன்னே தெரியல.”

“கவலைப்படாதீங்க மேடம். நான் உங்களுக்கு உதவி செய்யறேன். இப்ப நீங்க மெஷின் பக்கத்துலதான் இருக்கீங்களா?”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தான் பேசியது கேட்டது. அந்தக் குரல் வீட்டில் யாரும் கேட்டிராதது. மெதுவானது, அவசரமில்லாதது, எதிரில் இருப்பவர் எவ்வளவு தடுமாறினாலும் சலிக்காதது. காதில் ஒருவர் தவிப்பது விழுந்தால் அது தானாக வந்துவிடும். காது, கன்னம், கழுத்து எல்லாம் சூடேறின. போனை அணைத்துவிட நினைத்தான். விரல் நகரவில்லை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு தூரத்தில் அத்தான் கேட்டார்: “யாருடி?”

“தம்பியோட ஆபீஸ்காரர்,” என்றாள் அக்கா. “மெஷினைப் பத்திக் கேக்கறார்.”

“ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்.”

“ஸ்பீக்கர் சரியில்ல. நீங்க டார்ச்ச அடிங்க.” பிறகு போனில், நிதானமாக: “சொல்லுங்க. பக்கத்துலதான் இருக்கேன்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கேள்விகள் வரிசையாக வந்தன.

“உள்ள மெல்லிசா, ரெட்டை ஒயரா ஏதாவது தனியா தொங்குதா மேடம்? நுனியில சின்னக் கறுப்பு மூக்கு இருக்கும்.”

தேடினாள். தேடும்போது பேசக்கூடாது என்பது வேலையின் முதல் விதி. பேசினால் பதறிவிடுவார்கள். அவன் காத்திருந்தான்.

“இருக்கு. தொங்குது.”

“அதுல பவர்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கும்.”

“போட்டிருக்கு.”

“பலகையோட கீழ் மூலையில ஊசி ஊசியா நிக்கும். பக்கத்துலயே அதே எழுத்து இருக்கும். பொறுமையாப் பாத்து அங்க மாட்டிட்டு, பட்டனை அழுத்துங்க.”

அவன் துணியோடு வந்தது அதுதான். பட்டனுக்குப் போகும் ஒயர். போர்டு போகவே இல்லை. போர்டு போய்விட்டது என்று அவள் முகத்துக்கு நேரே, இல்லை, பெட்டிக்கு நேரே சொல்லியிருந்தான்.

காற்றாடி சுற்றியது. போனிலேயே கேட்டது. நீளமாகக் கூவியது.

“கூவுது!” என்றார் அத்தான். “உயிர் வந்துடுச்சுடி! யாருடி இவரு, பெரிய டாக்டரா இருப்பாரு போல.”

“பிளக்கைப் புடுங்கிடுங்க மேடம். பெட்டியோட இரும்பை ஒரு தடவ தொட்டுக்குங்க. காற்றாடிக்குப் பக்கத்துல பச்சைப் பட்டை ஒண்ணு செங்குத்தா நிக்குதா? ரெண்டு முனையிலயும் வெள்ளைக் கிளிப். ரெண்டையும் ஒரே நேரத்துல வெளிப்பக்கம் தள்ளுங்க. தானா மேல வரும்.”

“வந்துடுச்சு.”

“கீழ தங்கப் பல்லு மாதிரி வரிசையா இருக்கும். அத…” நிறுத்தினான். “ரப்பர் இருக்கா மேடம்?”

“இருக்கு.”

“ரப்பரால மெதுவாத் தேய்ங்க. பென்சில் அழிக்கற மாதிரி.”

“ரப்பரா!” அத்தானின் குரல். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். “பாத்தியா, விஷயம் தெரிஞ்சவன்னா இதுதான். நம்மாளு வந்து தூசி தட்டிட்டுப் போனான்.”

அத்தான் சிரிக்கவில்லை. மெய்யாகவே வியந்துகொண்டிருந்தார்.

கிளிப் மூடிய சத்தம் கேட்டது. பிளக் செருகிய சத்தம். பட்டன். காற்றாடி. ஒரே ஒரு குட்டிக் கூவல். பிறகு அமைதி. பிறகு, பழைய கம்ப்யூட்டர்கள் எழும்போது வரும் அந்த மெட்டு.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். மவுஸ் தட்டும் சத்தம் வந்தது.

“இருக்கு,” என்றாள். “எல்லாப் படமும் இருக்கு.”

அவன் வாய் அடுத்ததையும் கேட்டது. எல்லா அழைப்பின் முடிவிலும் கேட்டாக வேண்டியது அது.

“வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. சமையலறையாக இருக்கும். அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“வேணும். போன்ல சொல்ல முடியாதுன்னியே, ஏன்டா?”

அதற்குத் திரையில் பதில் கிடையாது. அவன் சைக்கிள் ஒன்றின் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“போன மாசமே கேட்டேன். அப்பவே இப்படிச் சொல்லியிருந்தா நான் நேத்து ராத்திரி முழுக்க உக்காந்திருக்க மாட்டேன்.”

“அக்கா…”

“யார் யாருக்கோ இவ்வளவு பொறுமையா பேசறே. எனக்குன்னா மட்டும் ‘வரேன், வெச்சுடு’. நான் ஏதோ உனக்குத் தொந்தரவுன்னு நெனச்சுக்கிட்டேன்டா.”

தொந்தரவு இல்லை, தெரிந்துவிடும் என்ற பயம் என்று சொல்ல வேண்டும்.

“மேல வா,” என்றாள். “மூடி கழண்டு கெடக்கு.” வைத்துவிட்டாள்.

மூன்று மாடி ஏறினான். கேட்டின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. திரையில் ஒரு வட்டமும் அதைத் தொட்டுச் செல்லும் கோடும் நின்றன. அக்கா அதன் முன் உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. அத்தான் டார்ச்சும் கையுமாக மூடியைப் பிடித்திருந்தார்.

“எங்கய்யா போனே? நீ கீழ போன நேரத்துக்கு உங்க ஆபீஸ்காரரு வேலைய முடிச்சுட்டாரு. மனுஷன்னா அவரு. ‘மேடம்’, ‘மேடம்’னு என்ன மரியாதைங்கற! போனுக்கு வெளியவே கேக்குது. நீயும் இருக்கியே. அவர் நம்பரக் குடு மாப்ளே. இனிமே உன்னத் தொந்தரவு பண்ணல, அவரையே கூப்பிட்டுக்கறோம்.”

அக்காவின் கை மவுஸ் மேல் நின்றது. அவள் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் ரொம்ப பிஸி, நம்பர் தரமாட்டார், ஏதாவது. சொல்லவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது.

“அது நான்தான், அத்தான்.”

“எது?”

“போன்ல பேசினது. கீழ நின்னு நான்தான் பேசினேன்.”

“நீயா? அதுக்கு எதுக்குக் கீழ போகணும்? இங்க நின்னா வாய் வராதா?”

“வராது. எனக்குப் பாத்தா ஒண்ணும் தெரியாது. யாராவது போன்ல சொன்னாத்தான் தெரியும். அதுதான் அங்க என் வேலை. போன் எடுக்கறது. இன்ஜினியர் இல்ல. படிப்பு முடிக்கல.” நிறுத்தினான். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. “போர்டு போகல. ஒயரக் கழட்டிவிட்டது நான்தான்.”

அத்தான் வாயைத் திறந்தார். வழக்கமாக அங்கே ஒரு கேலி தயாராக இருக்கும். வரவில்லை. அக்காவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். டார்ச்சை அணைக்க மறந்துவிட்டார். வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கண் கூசியது. விலக்கச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.